பர்ச் பாய்: இரண்டு திருத்தங்களின் செனட்டர்

அமெரிக்க அரசியல் என்றதும் நம்மில் பலருக்கும் அதிபர்களின் பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். லிங்கன், ரூஸ்வெல்ட், கென்னடி, நிக்சன், ரீகன்... செனட்டர்களின் பெயர்கள் அவ்வளவாக வருவதில்லை. அவர்களில் யாராவது அதிபர் பதவிக்குப் போட்டியிட்டால்தான் செய்தித்தாளில் படமே வரும். ஆனால் அமெரிக்கர்களின் அன்றாட வாழ்க்கையை மாற்றிய சட்டங்கள் பலவும் செனட்டின் ஏதோ ஒரு துணைக்குழு அறையில் எழுதப்பட்டவை.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த பர்ச் பாய். 1963 முதல் 1981 வரை 18 ஆண்டுகள் செனட்டராக இருந்தார். அமெரிக்க அரசியல் சட்டம் 1787-ல் எழுதப்பட்டதிலிருந்து இதுவரை 27 முறைதான் திருத்தப்பட்டிருக்கிறது. அதில் இரண்டு திருத்தங்கள், 25-வதும் 26-வதும், இவர் முன்னின்று நிறைவேற்றியவை. அரசியல் சட்டத்தை உருவாக்கிய தலைமுறைக்குப் பிறகு இப்படி இரண்டு திருத்தங்களை எழுதிய பெருமை இவர் ஒருவருக்குத்தான் உண்டு. இன்னும் இரண்டு திருத்தங்களுக்காகப் போராடித் தோற்றார். அவர் ஜெயித்ததைப் போலவே தோற்றதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான்.

யார் இந்த பர்ச் பாய்?

1928-ல் டெர்ரே ஹாட் என்ற ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியில் இருந்தார். பிறகு பர்டியூ பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து 1951-ல் பட்டம் பெற்றார். சொந்தமாக விவசாயமும் பார்த்தார். 26 வயதில் இண்டியானா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959-ல் சபாநாயகர். சபாநாயகரான பிறகுதான் சட்டப் படிப்பையே முடித்தார் (1960).

1962 தேர்தலில், மூன்று முறை செனட்டராக இருந்த ஹோமர் கேப்ஹார்ட் என்ற குடியரசுக் கட்சிக்காரரை எதிர்த்து நின்றார். பெயரே கேள்விப்படாத இளைஞர் ஒருவர் ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். செனட்டுக்குள் நுழையும்போது வயது 34.

யாரும் வேண்டாம் என்ற நாற்காலி

செனட்டின் நீதித்துறைக் குழுவில் பாய்க்கு ஓர் இடம் கிடைத்தது. அந்தக் குழுவுக்குக் கீழே அரசியல் சட்டத் திருத்தங்களுக்கான துணைக்குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் எஸ்டஸ் கெஃபாவர் 1963 ஆகஸ்டில் இறந்துபோனார். திருத்தம் என்பது பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிற சமாச்சாரம். எனவே நீதித்துறைக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட் அந்தத் துணைக்குழுவையே மூடிவிட நினைத்தார். புதிதாக வந்த பாய், "எனக்குத் தாருங்கள், என் அலுவலக ஆட்களை வைத்தே நடத்திக்கொள்கிறேன்" என்ற ரீதியில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டே மாதத்தில், 1963 நவம்பர் 22-ல், டல்லாஸில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். யாரும் சீந்தாத அந்தத் துணைக்குழு ஒரே நாளில் நாட்டின் மிக முக்கியமான குழுக்களில் ஒன்றாகிவிட்டது.

25-வது திருத்தம்: அதிபர் இறந்தால் என்ன, இறக்காமல் கிடந்தால் என்ன?

கென்னடி இறந்ததும் துணை அதிபர் லிண்டன் ஜான்சன் அதிபரானார். அதுவரை சரி. ஆனால் துணை அதிபர் பதவி காலியாகிவிட்டதே, அதை நிரப்புவது எப்படி? அரசியல் சட்டத்தில் அதற்கு வழியே இல்லை! அடுத்த தேர்தல் வரைக்கும் அது காலியாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்பும் 15 முறை இப்படிக் காலியாக இருந்திருக்கிறது.

ஜான்சனுக்கு 1955-லேயே கடுமையான மாரடைப்பு வந்திருந்தது. அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்த வரிசையில் இருந்தவர் 71 வயதான பிரதிநிதிகள் சபை சபாநாயகர் ஜான் மெக்கார்மக். அவருக்கு அடுத்து 86 வயதான செனட்டர் கார்ல் ஹேடன். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. அதிபர் இறக்காமல், ஆனால் வேலை செய்ய முடியாத நிலையில் இருந்தால்? 1881-ல் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்ட் சுமார் 80 நாட்கள் படுக்கையில் கிடந்துதான் இறந்தார். 1919-ல் உட்ரோ வில்சன் பக்கவாதத்தால் முடங்கினார். அவருடைய மனைவி எடித், யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்று முடிவு செய்யும் நிலை வந்தது. இரண்டு சமயத்திலும் துணை அதிபர்கள் சும்மா இருந்தார்கள். அதிகாரத்தைக் கையில் எடுத்தால் ஆட்சியைப் பிடுங்கியதாகிவிடுமோ என்ற பயம்.

பாய், அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் நிபுணர்களோடு சேர்ந்து ஒரு வரைவைத் தயாரித்தார். அதில் நான்கு பிரிவுகள். அதிபர் இறந்தாலோ விலகினாலோ துணை அதிபர் முழு அதிபராகிவிடுவார். துணை அதிபர் பதவி காலியானால் அதிபர் ஒருவரை நியமிக்கலாம், இரு சபைகளும் ஒப்புதல் தர வேண்டும். அதிபர் தானாகவே கடிதம் எழுதிக் கொடுத்துத் தற்காலிகமாக அதிகாரத்தை ஒப்படைக்கலாம். நான்காவதுதான் கடினமானது: அதிபரால் செயல்பட முடியவில்லை என்று துணை அதிபரும் அமைச்சரவையின் பெரும்பான்மையும் அறிவிக்கலாம். அதிபர் அதை மறுத்து, அவர்களும் விடாப்பிடியாக நின்றால், இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால்தான் அவரை ஒதுக்கி வைக்க முடியும். இல்லாவிட்டால் அதிகாரம் அதிபரிடமே திரும்பிவிடும்.

இதில் ஒரு சுவாரஸ்யம் கவனிக்க வேண்டும். ஒரு அதிபரைப் பதவியிலிருந்து நீக்கும் இம்பீச்மென்ட் விசாரணைக்குச் செனட்டில் மட்டும்தான் மூன்றில் இரண்டு பங்கு தேவை. இங்கோ இரண்டு சபைகளிலும் தேவை. நோயைச் சாக்காக வைத்து ஆட்சியைக் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு உயரமான தடுப்பு.

1965 ஜூலை 6-ல் காங்கிரஸ் இதை நிறைவேற்றியது. 1967 பிப்ரவரி 10-ல் போதுமான மாநிலங்கள் ஒப்புதல் தந்தன.

ஆறே ஆண்டுகளில் இதற்குப் பெரிய சோதனை வந்தது. 1973 அக்டோபரில் ஊழல் வழக்கில் சிக்கித் துணை அதிபர் அக்னியூ விலகினார். நிக்சன் ஜெரால்ட் ஃபோர்டை நியமித்தார். 1974 ஆகஸ்டில் வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சனே விலக, ஃபோர்டு அதிபரானார். ஃபோர்டு நெல்சன் ராக்ஃபெல்லரைத் துணை அதிபராக்கினார். மக்கள் வாக்களிக்காத இருவர் நாட்டின் முதல் இரண்டு பதவிகளில்! இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இந்தத் திருத்தம் இல்லாமல் இருந்திருந்தால், நிக்சன் விலகியதும் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் அதிபராகியிருப்பார். வாட்டர்கேட் விசாரணையே ஆட்சியைப் பிடிக்கும் சதி என்று சொல்லிவிட இடம் கிடைத்திருக்கும்.

மூன்றாவது பிரிவை அதிபர்கள் மருத்துவப் பரிசோதனைக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2021 நவம்பர் 19-ல் ஜோ பைடன் மயக்க மருந்தில் இருந்த 85 நிமிடங்களுக்கு அதிபரின் அதிகாரம் கமலா ஹாரிஸிடம் இருந்தது. அமெரிக்க வரலாற்றில் அந்த அதிகாரத்தைப் பெற்ற முதல் பெண், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். நான்காவது பிரிவு இதுவரை பயன்படுத்தப்பட்டதே இல்லை. 2021 ஜனவரியில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு, அதைப் பயன்படுத்தச் சொல்லிப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது. துணை அதிபர் பென்ஸ் மறுத்துவிட்டார்.

26-வது திருத்தம்: நூறே நாளில்

1960-களின் இறுதியில் வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. 18 வயது இளைஞனைக் கட்டாயமாகப் போருக்கு அனுப்பலாம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுப் போட 21 வயதாக வேண்டும். 'சாவதற்கு வயது வந்துவிட்டது, ஓட்டுப் போட மட்டும் வரவில்லையா?' என்ற கேள்விக்கு யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. செனட்டர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் 1942 முதலே இதற்குத் திருத்தம் கேட்டு வந்தார்.

1970-ல் காங்கிரஸ் சாதாரணச் சட்டம் மூலமாகவே வயதை 18 ஆக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு விநோதமான தீர்ப்பைச் சொன்னது: அதிபர், காங்கிரஸ் தேர்தல்களுக்கு 18 செல்லும், மாநிலத் தேர்தல்களுக்குச் செல்லாது! அதாவது ஒரே வாக்குச்சாவடியில் ஒரே நாளில் 19 வயதுப் பெண் அதிபருக்கு ஓட்டுப் போடலாம், ஆளுநருக்குப் போட முடியாது. ஒவ்வொரு மாநிலமும் இரண்டு வாக்காளர் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாய் இந்தக் குழப்பத்தையே தன் ஆயுதமாக்கிக்கொண்டார். இரண்டு பட்டியல் வைத்தால் எவ்வளவு செலவாகும், எவ்வளவு சிக்கல் வரும் என்று துணைக்குழு மூலம் மாநிலங்களுக்கு எடுத்துக் காட்டினார். இளைஞர்களின் உரிமை பற்றிக் கவலைப்படாத மாநிலங்கள்கூடச் செலவைப் பார்த்ததும் இறங்கி வந்தன. 1971 மார்ச் 10-ல் செனட்டில் 94-0. மார்ச் 23-ல் பிரதிநிதிகள் சபையில் 401-19. ஜூலை 1-ல் மாநிலங்களின் ஒப்புதல் முடிந்துவிட்டது. சரியாக 100 நாட்கள். இவ்வளவு வேகமாக வேறு எந்தத் திருத்தமும் நிறைவேறியதில்லை.

நீதிபதிகள் விவகாரம்

செனட்டரின் வேலை சட்டம் எழுதுவதோடு முடிவதில்லை. அதிபர் நியமிக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒப்புதல் தருவதும் செனட்தான். 1930-க்குப் பிறகு செனட் எந்த நியமனத்தையும் நேரடி வாக்கெடுப்பில் தோற்கடித்ததில்லை. பாய் தலைமையில் ஐந்தே மாத இடைவெளியில் இரண்டு தோற்றன.

முதலாவது கிளெமன்ட் ஹேன்ஸ்வொர்த், 1969. தென் கரோலினாவைச் சேர்ந்த நீதிபதி. அவருக்குப் பங்கிருந்த ஒரு விற்பனை இயந்திர நிறுவனம் துணி ஆலைகளோடு வியாபாரம் செய்துகொண்டிருந்தது. அப்படி ஒரு ஆலை சம்பந்தப்பட்ட வழக்கை அவரே விசாரித்து ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார் என்பது குற்றச்சாட்டு. தொழிற்சங்கங்களும் சிவில் உரிமை அமைப்புகளும் எதிர்த்தன. பாய் ஆவணங்களைத் தோண்டி எடுத்துச் செனட்டில் வைத்தார். நவம்பர் 21-ல் 45-55 என்று தோற்கடிக்கப்பட்டார். நிக்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 17 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

கோபமடைந்த நிக்சன் அடுத்து ஹாரல்ட் கார்ஸ்வெல்லை நியமித்தார். இவர் 1948-ல் ஒரு தேர்தல் பிரச்சாரத்தில் வெள்ளை இன மேலாதிக்கத்தை ஆதரித்துப் பேசியது வெளியே வந்தது. பொது கோல்ஃப் மைதானம் ஒன்றைத் தனியார் கிளப்பாக மாற்றியதில் இவருக்கும் பங்கிருந்தது. கறுப்பர்களை உள்ளே விடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. போதாக்குறைக்கு இவர் கொடுத்த தீர்ப்புகள் மேல்முறையீட்டில் அடிக்கடி ரத்தாகின. இவரை ஆதரித்த செனட்டர் ஹ்ரஸ்கா, சுமாரானவர்களுக்கும் நாட்டில் பிரதிநிதித்துவம் வேண்டாமா என்ற அர்த்தத்தில் பேசப்போய், அதுவே கார்ஸ்வெல்லுக்கு வினையாக முடிந்தது! 1970 ஏப்ரல் 8-ல் 45-51 என்று தோற்றார்.

மூன்றாவதாக வந்த ஹாரி பிளாக்மன் 94-0 என்று ஒப்புதல் பெற்றார். 1973-ல் கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த 'ரோ எதிர் வேட்' தீர்ப்பை எழுதியவர் இவர்தான் (அந்தத் தீர்ப்பை 2022-ல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது). நீதிபதி யார் என்பதைத் தடுத்து நிறுத்தியவர் நாட்டின் சமூக வரலாற்றையும் திருப்பிவிட்டார் என்று சொல்லலாம்.

பாய் செய்தது எல்லாம் சரிதானா? கார்ஸ்வெல் விஷயத்தில் இன்று யாரும் வாதாடுவதில்லை. ஹேன்ஸ்வொர்த் அப்படியல்ல. அவர் நேர்மையான, திறமையான நீதிபதி, அரசியலுக்குப் பலியானார் என்று பின்னாளில் சட்ட அறிஞர்கள் பலர் எழுதினார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஜனநாயகக் கட்சியினர் ஆதரித்த நீதிபதி ஏப் ஃபோர்டாஸ் பண விவகாரத்தில் ராஜினாமா செய்திருந்தார். அவருக்கு வைத்த அதே அளவுகோலை இவருக்கும் வைக்க வேண்டும் என்பது பாய் தரப்பின் வாதம். நீதிபதி நியமனம் இன்று கட்சிச் சண்டையாகிவிட்டதற்கு 1969-ஐயும் ஒரு தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

37 வார்த்தைகள்

பாயின் மனைவி மார்வெல்லா நன்றாகப் படித்தவர், பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர விரும்பியபோது, பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண்களுக்கு நடக்கும் அநியாயத்தைத் தனக்குப் புரியவைத்தவர் மார்வெல்லாதான் என்று பாய் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1972-ல் உயர்கல்விச் சட்டத்தோடு 'டைட்டில் நைன்' என்ற பிரிவைச் செனட்டில் சேர்த்தவர் பாய். பிரதிநிதிகள் சபையில் இதற்காக உழைத்தவர்கள் எடித் கிரீன், பாட்ஸி மிங்க் என்ற இரு பெண்கள். அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்தில் மொத்தம் 37 வார்த்தைகள். 1972 ஜூன் 23-ல் நிக்சன் கையெழுத்திட்டார்.

அதில் விளையாட்டு என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் அதிகம் மாறியது விளையாட்டு மைதானங்கள்தான்! அதற்கு முன் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மேல். சட்டம், மருத்துவக் கல்லூரிகளில் பெண்களுக்கு இவ்வளவுதான் இடம் என்று வைத்திருந்த வரம்புகளும் போயின. 1984-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் எல்லையைச் சுருக்கியது. 1988-ல் ரீகனின் வீட்டோவையும் மீறிக் காங்கிரஸ் அதை மீட்டது.

சத்தமில்லாமல் செய்த வேறு வேலைகளும் உண்டு. பள்ளிக்கு மட்டம் போட்டதற்காக, வீட்டை விட்டு ஓடிப்போனதற்காகப் பிள்ளைகளைச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை எதிர்த்து 1974-ல் சிறார் நீதிச் சட்டம் கொண்டுவந்தார். சிறுவர்களை வயதுவந்த கைதிகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்றது அது. சிறைகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் இருப்பவர்களின் உரிமை மீறப்பட்டால் மத்திய அரசே வழக்குத் தொடரலாம் என்ற 1980-ம் ஆண்டுச் சட்டமும் அவர் முயற்சியால் வந்தது. இவர்களில் பலருக்கு ஓட்டு கிடையாது. இவர்களுக்காகச் சட்டம் எழுதினால் தேர்தலில் லாபமும் கிடையாது.

தோற்ற இரண்டு

முதல் தோல்வி, ஆண் பெண் சமத்துவத் திருத்தம். 1972 மார்ச் 22-ல் செனட்டில் 84-8 என்று நிறைவேறியது. 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 1977 ஜனவரியில் 35-வது மாநிலமாக ஒப்புதல் தந்தது பாயின் சொந்த மாநிலமான இண்டியானா. அத்தோடு நின்றுவிட்டது! காலக்கெடுவை 1982 வரை நீட்டிக்க வைத்தார், அப்போதும் ஒரு மாநிலமும் வரவில்லை. 2017 முதல் மூன்று மாநிலங்கள் தாமதமாக ஒப்புதல் தந்தும், கெடு முடிந்துவிட்டதால் அது அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தம். அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியான 'எலக்டோரல் காலேஜ்'. இதனால் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றுப்போகலாம். 1969-ல் பிரதிநிதிகள் சபை ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான ஆதரவோடு இதை மாற்றச் சம்மதித்தது. அதிபர் நிக்சனும் ஆதரித்தார். ஆனால் 1970 செப்டம்பரில் செனட்டில் தென் மாநிலச் செனட்டர்கள் 'ஃபிலிபஸ்டர்' செய்தார்கள். பேசிப் பேசியே மசோதாவைக் கொல்வது. விவாதத்தை முடிக்க நடந்த வாக்கெடுப்பில் முதலில் 54-36, பிறகு 53-34. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்குச் சில ஓட்டுகள்தான் குறைவு. ஆனால் போனது போனதுதான்.

விடாமல் முயன்று 1979-ல் மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். 51-48. பெரும்பான்மை உண்டு, மூன்றில் இரண்டு பங்கு இல்லை. இந்த முறை அவரை எதிர்த்தவர்களில் அவருடைய நண்பர்களே இருந்தார்கள். பெரிய மாநிலங்களில் தங்கள் ஓட்டுக்கு இருக்கும் மதிப்பு போய்விடும் என்று கறுப்பர், யூதர் அமைப்புகள் சில கவலைப்பட்டன. பாய் எச்சரித்தது 2000-ல் நடந்தது. அல் கோர் 5 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றார். 2016-ல் ஹிலாரி கிளின்டன் சுமார் 28 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கித் தோற்றார்.

கொடுத்த விலை

இண்டியானா பொதுவாகப் பழமைவாதப் போக்குள்ள மாநிலம். அங்கே நின்றுகொண்டு கருக்கலைப்பைத் தடை செய்யும் திருத்தத்தைத் தன் துணைக்குழுவிலேயே நிறுத்தி வைத்தார் பாய். மாதக்கணக்கில் விசாரணை நடத்தி, இரு தரப்பையும் பேசவிட்டு, பிறகு எதிர்த்து வாக்களித்தார். ஓட்டை மட்டும் நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டார்.

சொந்த வாழ்க்கையிலும் அடிகள். 1971-ல் மார்வெல்லாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அதிபர் தேர்தல் முயற்சியைக் கைவிட்டார். 1976-ல் மீண்டும் முயன்று பின்தங்கினார். 1979 ஏப்ரலில் மார்வெல்லா இறந்தார். 1980 தேர்தலில் ரீகன் அலையில் ஜனநாயகக் கட்சிச் செனட்டர்கள் வரிசையாகச் சரிந்தார்கள். பழமைவாத அமைப்புகள் குறிவைத்தவர்களில் பாயும் ஒருவர். 33 வயதான டான் குவேல் என்ற இளைஞரிடம் தோற்றார். 1962-ல் கேப்ஹார்ட்டுக்கு நடந்தது 1980-ல் பாய்க்கு நடந்தது!

தோற்ற பிறகும் பதவிக்காலம் முடிய இருந்த சில வாரங்களில், குடியரசுக் கட்சியின் பாப் டோலுடன் சேர்ந்து பாய்-டோல் சட்டத்தை நிறைவேற்றினார். அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள அனுமதித்த சட்டம். ஆராய்ச்சி மருந்தாக வெளியே வர உதவியது என்பார்கள் சிலர். மக்கள் பணத்தில் கண்டுபிடித்ததை மக்களுக்கே விலைக்கு விற்க வழி செய்தது என்பார்கள் சிலர். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

2019 மார்ச் 14-ல், 91-வது வயதில் பர்ச் பாய் காலமானார். அவர் அதிபராகவில்லை, கட்சித் தலைவராகவும் இல்லை. அவர் ஜெயித்த இடங்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. நியாயத்தை மட்டும் நம்பிக்கொண்டு உட்காரவில்லை, சரியான சந்தர்ப்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரு கொலை, ஒரு குழப்பமான தீர்ப்பு, இரட்டைப் பட்டியலின் செலவு... எதையும் பயன்படுத்திக்கொண்டார். எலக்டோரல் காலேஜ் விஷயத்தில் நியாயம் இருந்தது, பெரும்பான்மையும் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டியவர்களுக்கு விட்டுக்கொடுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. மூடப்பட இருந்த ஒரு துணைக்குழுவிலிருந்து இவ்வளவு செய்ய முடிந்தது என்பதும், இவ்வளவு செய்தவராலேயே இன்னும் சில ஓட்டுகளைத் தேட முடியவில்லை என்பதும், இரண்டுமே அந்த அரசியல் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுகின்றன.